விபிஎன் போட்டால் வேகம் கூடுகிறதே, எப்படி?

கேள்வி: வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். 200 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. ஸ்பீடு டெஸ்ட் எந்நேரமும் முழு வேகம் காட்டுகிறது. ஆனால் சுமார் 2,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அலுவலக சர்வரில் நுழைந்தால், தட்டிய எழுத்து திரையில் வருவதற்குள் பொறுமை போய்விடுகிறது. பகலில் பிங் (பாக்கெட் எனும் தரவுத் துண்டு போய்த் திரும்பும் நேரம்) 160 மில்லிசெகண்ட். இரவு எட்டுக்கு மேல் 240 ஆகிறது, கூடவே 5 சதவீதம் பாக்கெட் தொலைகிறது. செல்பேசி ஹாட்ஸ்பாட்டில் இதே சர்வர் 55இல் வருகிறது. நண்பர் சொன்னாரே என்று ஓர் இலவச விபிஎன் செயலியைப் போட்டுப் பார்த்தேன், 62க்கு இறங்கிவிட்டது! நடுவில் இன்னொரு சர்வரை நுழைத்தால் தாமதம் கூடத்தானே வேண்டும்? என் இணைய நிறுவனம் வேண்டுமென்றே மெதுவாக்குகிறதா? இந்தச் செயலியையே வைத்துக்கொள்ளலாமா, காசு கொடுத்து ஒன்று வாங்கலாமா, இல்லை இணைப்பையே மாற்றிவிடலாமா? பாதையை வரிவரியாக அளந்து காட்டும் எம்டிஆர் கருவியின் முடிவுகளை இணைத்திருக்கிறேன். நான்காம் வரியில் 60 சதவீத இழப்பு தெரிகிறது, அதுதான் கோளாறா?

பதில்: உங்கள் அளவீட்டில் பிழை இல்லை. 62 என்பது கண்கட்டு வித்தையும் இல்லை. விபிஎன் எதையும் வேகப்படுத்தவில்லை. உங்கள் பாக்கெட் எந்த வழியாகப் போகிறது என்பதை மட்டும் மாற்றியிருக்கிறது. ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த வழி அவ்வளவு மோசம், அதனால்தான் நடுவில் ஒரு சர்வரைச் செருகியும் லாபம் கிடைத்திருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு போட்டாலே இது விளங்கிவிடும். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஆக 1,000 கிலோமீட்டர் போய்த் திரும்ப 10 மில்லிசெகண்ட். உங்கள் சர்வர் 2,000 கிலோமீட்டரில் இருக்கிறது என்றால் குறைந்தது 20. கேபிள் நேர்கோட்டில் போகாது, நடுவில் ரூட்டர்கள் உண்டு என்று தாராளமாகச் சேர்த்தாலும் 35, 40இல் முடிய வேண்டும். ஹாட்ஸ்பாட்டில் 55 வந்தது நியாயமான எண். 160 என்றால், அந்த நேரத்தில் ஒளி ஒரு பக்கத்துக்கு மட்டும் 16,000 கிலோமீட்டர் ஓடிவிடும். உங்கள் பாக்கெட் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறது.

எங்கே சுற்றுகிறது என்பது நீங்கள் அனுப்பிய பகல் நேர முடிவிலேயே இருக்கிறது. முதல் வரி உங்கள் வீட்டு ரூட்டர், ஒரு மில்லிசெகண்டுக்கும் கீழே. அதனால் வைஃபை மேல் பழி போட வழியில்லை. இரண்டிலிருந்து ஐந்து வரை உங்கள் இணைய நிறுவனத்தின் உள் நெட்வொர்க், 3, 4, 5, 9 என்று போகிறது. ஆறாம் வரியில் திடீரென்று 86. அந்த ரூட்டரின் பெயரில் எஃப்ஆர்ஏ என்று மூன்றெழுத்து இருக்கிறதே, கவனித்தீர்களா? பெரிய நெட்வொர்க்குகள் தங்கள் ரூட்டர்களுக்கு ஊர் விமான நிலையத்தின் குறியீட்டை வைத்துப் பெயரிடுவது வழக்கம். எஃப்ஆர்ஏ என்றால் பிராங்க்பர்ட். ஏழாம் வரியில் வேறொரு நிறுவனத்தின் பெயர் வருகிறது, எண் 158க்கு ஏறுகிறது, கடைசி வரியில் 160. அதாவது ஜெர்மனி வரை போய், அங்கே கைமாறி, மறுபடி உங்கள் பக்கத்துக்கே திரும்பி வருகிறது.

நான்காம் வரியின் 60 சதவீத இழப்பை விட்டுவிடுங்கள். எம்டிஆர் பார்க்கிற எல்லோரும் முதலில் பயப்படுவது இந்த மாதிரி வரியைப் பார்த்துத்தான். தன் வழியாகப் போகும் பாக்கெட்டைக் கடத்துவதுதான் ரூட்டரின் முதல் வேலை. தன்னைப் பார்த்து யாராவது கேட்டால் பதில் சொல்வது கடைசி வேலை, அதற்கு ஓர் உச்சவரம்பும் வைத்திருப்பார்கள். நான்கில் உண்மையிலேயே 60 சதவீதம் தொலைந்தால் ஐந்து, ஆறு, ஏழு எல்லாவற்றிலும் அது தெரிய வேண்டும். உங்களுக்கு ஐந்தில் சுழியம். நடுவில் தொடங்கி கடைசி வரி வரைக்கும் தொடர்கிற இழப்புதான் நிஜ இழப்பு. உங்கள் இரவு நேர முடிவில் அதுவும் இருக்கிறது: ஆறாம் வரி வரை பகலைப் போலவே, ஏழிலிருந்து கடைசி வரை 80 மில்லிசெகண்ட் கூடுதல், 5 சதவீத இழப்பு.

ஆக உங்களுக்கு இருப்பது ஒரு நோய் அல்ல, இரண்டு. சுற்றுப்பாதை நாள் முழுக்க இருக்கிறது. அந்தப் பாதையில் இரண்டு நிறுவனங்கள் கைமாற்றும் இடத்தில் நெரிசல் இரவில் மட்டும் வருகிறது.

இப்படியொரு பாதையை யாராவது தேர்ந்தெடுப்பார்களா என்று தோன்றும். யாரும் உட்கார்ந்து தேர்ந்தெடுப்பதில்லை. இணையத்தில் நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் முறையான பிஜிபிக்கு மில்லிசெகண்ட் என்ற ஒன்றே தெரியாது. முதலில் அது பார்ப்பது, இந்த வழிக்கு நிர்வாகி எவ்வளவு முன்னுரிமை எழுதி வைத்திருக்கிறார் என்பது. அந்த முன்னுரிமை பெரும்பாலும் பண விஷயம். காசு கொடுக்கும் வாடிக்கையாளர் வழி முதலில், காசில்லாமல் பரஸ்பரம் இணைந்த பீரிங் வழி அடுத்து, தானே காசு கொடுத்து வாங்கும் டிரான்சிட் வழி கடைசியில். அதில் சமன் வந்தால், வழியில் எத்தனை நெட்வொர்க் என்று எண்ணும். கண்டம் தாண்டும் நெட்வொர்க்கும் ஒன்றுதான், தெருமுனையோடு முடிந்துவிடுவதும் ஒன்றுதான். உங்கள் நிறுவனம் டிரான்சிட் வாங்கும் நெட்வொர்க்கும், அலுவலக சர்வர் இருக்கும் நெட்வொர்க்கும் உங்கள் பக்கத்தில் எங்கும் கைகுலுக்கவில்லை, பிராங்க்பர்ட்டில்தான் சந்திக்கின்றன என்றால், பாக்கெட் அங்கே போய்த்தான் ஆக வேண்டும். விபிஎன் சர்வர் இருக்கும் டேட்டா சென்டர் அப்படியில்லை. நான்கைந்து பெரிய நெட்வொர்க்குகளிடம் வாங்கியிருக்கும், நெட்வொர்க்குகள் கூடி இணையும் பக்கத்து எக்ஸ்சேஞ்சிலும் இருக்கும். உங்கள் வீட்டிலிருந்து அதற்கு ஒரு குட்டைப் பாதை, அதிலிருந்து அலுவலகத்துக்கு இன்னொரு குட்டைப் பாதை. இரண்டையும் கூட்டினால் 62.

ஸ்பீடு டெஸ்ட் இதில் எதையும் காட்டாது. அது பெரும்பாலும் உங்கள் நிறுவனத்துக்குள்ளேயோ பக்கத்திலேயோ இருக்கும் சர்வரைத் தேடிப் பிடித்து அளக்கிறது. ஐந்தாம் வரிக்கு மேல் அது போவதே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்களேன். 200 எம்பிபிஎஸ் உங்கள் வீட்டிலிருந்து நிறுவனம் வரை உண்மை. இரவில் அலுவலக சர்வரிலிருந்து ஒரு கோப்பை இறக்கினால் என்ன கிடைக்கும்? தொலைந்த பாக்கெட்டை மறுபடி அனுப்பிக் கோப்பை முழுதாகச் சேர்க்கும் முறையான டிசிபிக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு, 1997இல் வெளியானது: வேகம் என்பது பாக்கெட் அளவை, தாமதத்தாலும் இழப்பு விகிதத்தின் வர்க்கமூலத்தாலும் வகுத்து வருவது. 240 மில்லிசெகண்ட், 5 சதவீதம் என்று போட்டால் ஒரு இணைப்புக்கு ஏறக்குறைய கால் எம்பிபிஎஸ் வரும். பிபிஆர் போன்ற புதிய நெரிசல் கட்டுப்பாட்டு முறைகளை சர்வரில் போட்டிருந்தால் இதைவிட நன்றாக வரும், ஆனால் எல்லா சர்வரிலும் அது இருக்காது. இருநூறு எம்பிபிஎஸ் இணைப்பில் கால் எம்பிபிஎஸ். நீங்கள் எரிச்சலடைந்ததில் ஆச்சரியமே இல்லை.

வேண்டுமென்றே மெதுவாக்குகிறார்களா? உங்கள் எண்களில் அதற்கு அடையாளம் இல்லை. குறிப்பிட்ட சேவையைக் கட்டுப்படுத்தினால் பெரும்பாலும் பிங் ஒழுங்காக இருக்கும், பதிவிறக்கம் மட்டும் ஒரு வேகத்துக்கு மேல் ஏறாமல் கோடு போட்டதுபோல் நிற்கும். உங்களுக்குப் பிங்கே ஏறி இறங்குகிறது. நெரிசலான இணைப்பைப் பெரிதாக்கக் காசு செலவழிக்காமல் காலம் தள்ளுவதும் ஒருவகையில் வேண்டுமென்றே செய்வதுதான் என்று நீங்கள் வாதிடலாம். அதை நான் மறுக்க மாட்டேன். 2014இல் அமெரிக்காவில் நெட்ஃபிளிக்ஸுக்கும் பெரிய இணைய நிறுவனங்களுக்கும் இணைப்புக் கட்டணத் தகராறு நடந்தபோது இதே கதைதான். கைமாறும் இடத்தில் நெரிசல், மாலையில் படம் மங்கல். விபிஎன் போட்டவர்களுக்குத் தெளிவாக ஓடியது.

இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலரும் இதைத் தவறவிடுகிறார்கள். நீங்கள் அனுப்பிய எம்டிஆர் போகும் பாதையை மட்டும்தான் வரிவரியாகக் காட்டுகிறது. திரும்பி வரும் பாதையை முடிவு செய்வது எதிர்ப்பக்க நெட்வொர்க், அது வேறு வழியாகக்கூட வரலாம். ஏழாம் வரியில் தெரியும் இழப்பு, திரும்பும் வழியில் எங்கோ நிகழ்வதாகவும் இருக்கலாம். விபிஎன் போட்டதும் அலுவலக சர்வர் பதிலை உங்கள் முகவரிக்கு அனுப்புவதில்லை, விபிஎன் சர்வரின் முகவரிக்கு அனுப்புகிறது. ஆக இரு திசையும் சேர்ந்து மாறிவிடுகின்றன. எந்தத் திசையில் கோளாறு என்று தெரியாமலே குணமாகிவிடும். நிவாரணத்துக்கு அது போதும், புகாருக்குப் போதாது. அலுவலக சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம், அங்கிருந்து உங்கள் வீட்டு முகவரிக்கு ஓர் எம்டிஆர் எடுத்துத் தரச் சொல்லுங்கள். இரவு எட்டுக்கு மேல், உங்கள் பக்கம் எடுக்கும் அதே நேரத்தில்.

எதற்கு விபிஎன் உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்காக. வைஃபை சிக்னல் மோசம் என்றால் உதவாது. வீட்டில் ஒருவர் பெரிய கோப்பை ஏற்றும்போது மற்றவர்களுக்குப் பிங் எகிறுகிறது என்றால் உதவாது, அது ரூட்டருக்குள் வரிசை நீண்டுவிடும் கோளாறு. வீட்டுக்கும் நிறுவனத்துக்கும் இடைப்பட்ட கேபிளிலேயே இழப்பு என்றாலும் உதவாது, ஏனென்றால் விபிஎன் வழியாகப் போகும் பாக்கெட்டும் அதே கேபிளில்தான் போக வேண்டும். 2024 பிப்ரவரியில் செங்கடலில் கடலடிக் கேபிள்கள் சேதமானபோது நடந்ததுபோல் ஒரு வழித்தடமே அடைபட்டால், நீங்கள் எடுக்கும் விபிஎன்னும் அதே தடத்தை நம்பியிருந்தால் பயனில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். விபிஎன்னுக்கு முன்னால் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள், செலவே இல்லை. அலுவலக சர்வருக்கு ஐபிவி6 என்ற புதிய வகை இணைய முகவரி இருக்கிறதா? இருந்தால் அதற்குப் பிங் போட்டுப் பாருங்கள். பழைய வகையான ஐபிவி4க்கும் ஐபிவி6க்கும் பீரிங் தனித்தனி, பாதையும் தனித்தனியாக இருக்கலாம். சிலருக்கு இதிலேயே வேலை முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால் விபிஎன். ஆனால் அந்த இலவசச் செயலியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அது உங்களுக்குப் பாதை ஒன்று இருப்பதைக் காட்டிக்கொடுத்துவிட்டது, அதோடு அதன் வேலை முடிந்தது. சர்வர், அலைவரிசை எல்லாவற்றுக்கும் யாரோ காசு கொடுக்கிறார்கள். நீங்கள் கொடுக்கவில்லை என்றால் வேறெதையோ கொடுக்கிறீர்கள். ஹோலா என்ற இலவசச் சேவை தன் பயனர்களின் இணைப்பையே லுமினாட்டி என்ற பெயரில் மற்றவர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தது 2015இல் வெளியே வந்தது. அலுவலக வேலையை அப்படி ஒன்றின் வழியாக அனுப்பாதீர்கள்.

கட்டணச் சேவை வாங்கலாம், பல ஊர்களில் சர்வர் இருப்பதால் மாற்றி மாற்றிப் பார்க்க வசதி. உங்கள் தேவைக்கு நான் சொல்வது வேறு: ஒரு சின்ன விபிஎஸ் (டேட்டா சென்டரில் உள்ள மெய்நிகர் சர்வர்) வாடகைக்கு எடுத்து, வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளைப் போடுங்கள். இருப்பதிலேயே மிகச் சிறிய திட்டம் போதும். மாதத்துக்கு எவ்வளவு டேட்டா என்ற வரம்பை மட்டும் பாருங்கள். முகவரி உங்களுக்கு மட்டுமே உரியது, மாறாது. அதன் பயனைக் கடைசியில் சொல்கிறேன்.

எந்த விபிஎன் என்பதைவிட அந்த சர்வர் எங்கே என்பதுதான் இங்கே பெரிய கேள்வி. வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விபிஎஸ் நிறுவனங்கள் பலவும் லுக்கிங் கிளாஸ் என்று ஒரு சோதனைப் பக்கம் வைத்திருக்கும். அந்தப் பக்கத்திலிருந்தே அவர்கள் டேட்டா சென்டரிலிருந்து எந்த முகவரிக்கும் பிங் போடலாம், சோதனைக்கென்று ஒரு முகவரியும் தந்திருப்பார்கள். அவர்களிடமிருந்து உங்கள் அலுவலக சர்வருக்கு ஒரு பிங், உங்கள் வீட்டிலிருந்து அவர்களின் சோதனை முகவரிக்கு ஒரு பிங். இரண்டின் கூட்டல்தான் உங்களுக்குக் கிடைக்கப்போகும் தாமதம். பகலில் பார்த்துவிட்டு வாங்கிவிடாதீர்கள், இரவு எட்டுக்கு மேல் பாருங்கள். பொதுவாக உங்கள் பக்கத்தில், உங்கள் நிறுவனமும் அந்த டேட்டா சென்டரும் ஒரே எக்ஸ்சேஞ்சில் இருக்கும் ஊர் ஜெயிக்கும். அலுவலகத்துக்குப் பக்கத்தில் எடுத்தால் முதல் பாதி நீண்டுவிடும், அதுவும் பிராங்க்பர்ட் சுற்றி வர வாய்ப்பு அதிகம். மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் நிறுவனம் என்றால், ஓரிரவு ஓட்டிப் பார்த்துவிட்டு அழித்துவிடலாம்.

வயர்கார்டு அமைப்பது கடினமில்லை. 2020இல் வந்த லினக்ஸ் 5.6இலிருந்து, அதன் மையப் பகுதியான கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. வீட்டிலிருந்து வெளியே போகும் இணைப்பு என்பதால், உங்கள் நிறுவனம் பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து கொடுத்திருந்தாலும் கவலையில்லை. இணைப்பு அறுந்துவிடாமல் காக்கும் கீப்அலைவ் மட்டும் 25 நொடி என்று வையுங்கள். இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும்.

ஒன்று, எல்லாவற்றையும் டனலுக்குள், அதாவது விபிஎன் பாதைக்குள், தள்ளாதீர்கள். அலவுட் ஐபீஸ் என்ற இடத்தில் அலுவலக சர்வரின் முகவரியையும், டனலுக்குள் விபிஎஸ்ஸுக்கு நீங்கள் கொடுத்த முகவரியையும் மட்டும் எழுதுங்கள். முழுவதையும் அனுப்பினால், வங்கித் தளம் டேட்டா சென்டர் முகவரியைப் பார்த்துச் சந்தேகப்படும், படம் பார்க்கும் தளங்கள் கதவைச் சாத்தும். உங்கள் நிறுவனத்துக்குள்ளேயே நகல் சேமித்து வைத்திருக்கும் கேஷ் சர்வரிலிருந்து வந்துகொண்டிருந்த வீடியோ, வேண்டாத சுற்று சுற்றி வரும்.

இரண்டு, எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு. வயர்கார்டு ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஐபிவி4இல் 60 பைட், ஐபிவி6இல் 80 பைட் மேலுறை போடுகிறது. அதனால்தான் வழக்கமான 1500இல் 80 கழித்து 1420 என்று எடுத்துக்கொள்கிறது. உங்கள் ஃபைபர் இணைப்பு பயனர் பெயர், கடவுச்சொல் போட்டு ஏறும் பிபிபிஓஇ வகை என்றால் அங்கேயே 1492தான், ஆகவே 1412 வைக்க வேண்டும். தவறாக இருந்தால் அறிகுறி விசித்திரமாக இருக்கும்: பிங் நன்றாக வரும், சர்வரில் நுழையவும் முடியும், நீளமான பட்டியல் ஒன்றைக் கேட்டதும் திரை அப்படியே உறைந்துவிடும். அந்த மாதிரி ஆனால் 1280க்கு இறக்கிப் பாருங்கள். சரியாகிவிட்டால் காரணம் அதுதான். அலுவலகமே தன் பங்குக்கு ஒரு விபிஎன் வைத்திருந்தால், மேலுறைக்குள் மேலுறை ஆகும், இன்னும் குறைக்க வேண்டிவரும்.

வயர்கார்டு, தொலைந்ததை மறுபடி அனுப்பாத யுடிபி முறையில் மட்டும் ஓடும். உங்கள் நிறுவனம் யுடிபியை மோசமாக நடத்தினால் டனலிலேயே இழப்பு தெரியும். அப்போது ஓபன்விபிஎன் என்ற இன்னொரு மென்பொருளை டிசிபியில் ஓட்டலாம் என்று பலர் சொல்வார்கள். ஓடும். ஆனால் டிசிபிக்குள் டிசிபி ஓடும்போது ஓர் இழப்புக்கு இரண்டும் தனித்தனியாக மறுமுறை அனுப்பும், நெரிசலில் நிலைமை இன்னும் கெடும். வேறு வழியே இல்லாதபோது பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் செய்தாலும் புகாரை விடாதீர்கள். வாடிக்கையாளர் சேவையில் முதலில் எடுப்பவர் ரூட்டரை அணைத்துப் போடச் சொல்வார். போட்டுவிட்டு, "போட்டுவிட்டேன், மாற்றமில்லை, இதை நெட்வொர்க் பிரிவுக்கு அனுப்புங்கள்" என்று கேளுங்கள். "நெட் ஸ்லோ" என்று எழுதினால் அது அங்கேயே முடிந்துவிடும். இரு முனை முகவரி, நேரம், இரு திசை எம்டிஆர், ஒவ்வொன்றிலும் குறைந்தது 100 பாக்கெட், எந்த வரியில் எந்த நெட்வொர்க்கிலிருந்து எந்த நெட்வொர்க்குக்குக் கைமாறுகிறது என்ற ஒரு வாக்கியம், இவ்வளவு போதும். அதோடு பீரிங்டிபி என்ற பொதுத் தளத்தில் உங்கள் நிறுவனத்தையும் அலுவலக சர்வர் இருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்தையும் தேடுங்கள். இருவரும் ஒரே எக்ஸ்சேஞ்சில் இருப்பதாகத் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். இருவரும் ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டு ஜெர்மனியில் ஏன் சந்திக்கிறீர்கள் என்ற கேள்விக்கு ஒரு நெட்வொர்க் பொறியாளரால் சும்மா பதில் எழுத முடியாது.

அந்தப் பக்கத்திலும் தட்டுங்கள். ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு உங்கள் அலுவலகம் காசு கொடுக்கும் வாடிக்கையாளர், மாதச் சந்தாதாரர் ஒருவரின் குரலைவிட அதற்கு எடை அதிகம். திரும்பும் பாதை அவர்கள் கையில் இருக்கிறது. என் அனுபவத்தில் இந்தப் பக்கம்தான் சீக்கிரம் அசையும்.

இணைப்பை மாற்றுவது பற்றி: ஹாட்ஸ்பாட்டில் 55 வந்தது அந்தச் செல்பேசி நிறுவனத்தின் பாதை நல்லது என்பதற்கு ஆதாரம். அதே நிறுவனம் ஃபைபரும் தருகிறது என்றால் யோசிக்கலாம். இல்லாவிட்டால் அவசரப்படாதீர்கள். புதிய நிறுவனமும் அதே டிரான்சிட்டை வாங்கியிருக்கலாம். அந்தப் புதிய நிறுவனத்தின் இணைப்பு வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் யாராவது இருந்தால், இரவில் ஒரு டிரேஸ்ரூட் (பாதைப் பட்டியல்) எடுத்துத் தரச் சொல்லிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மாதம் ஒருமுறை டனலை அணைத்துவிட்டு நேரடிப் பாதையை அளந்து பாருங்கள். பிஜிபி பாதைகள் சத்தமில்லாமல் மாறும். நேரடியாகவே 45 வரும் நாளில் விபிஎஸ் வாடகை தண்டம்.

இதையெல்லாம் தொடங்கும் முன் அலுவலகப் பாதுகாப்புப் பிரிவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். விபிஎன்னுக்குக் கட்டுப்பாடு உள்ள நாட்டில் நீங்கள் இருந்தால் அந்த விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் குறிப்பிட்ட முகவரிகளை மட்டும் உள்ளே விடும் பட்டியல் இருந்தால், அதில் உங்கள் விபிஎஸ் முகவரியைச் சேர்க்கச் சொல்ல வேண்டும். கூட்டத்தோடு பகிரும் கட்டண விபிஎன் முகவரியை எந்த நிர்வாகியும் சேர்க்கச் சம்மதிக்க மாட்டார். உங்களுக்கே உரிய ஒற்றை முகவரி என்றால், பாதையின் எம்டிஆரையும் சேர்த்துக் காட்டிக் கேட்டால், பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள்.